பதிலாள்: சீனக் கல்லறை மண் பொம்மைகளும் ஒரு சாபமும்

1

சீனக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் மனித உருவங்களைப் பற்றி ஒரு கதை புழக்கத்தில் இருக்கிறது. அருங்காட்சியகக் குறிப்புகளிலிருந்து பள்ளிக்கூடப் பாடம்வரை அதே கதைதான்: 'ஆதியில ராஜா செத்தா அவன் வேலைக்காரன், வைப்பாட்டி, குதிரைக்காரன் எல்லாரையும் கொன்னு கூடவே புதைச்சாங்க. போகப்போக மனுசனுக்கு மனசு இளகிச்சு. உசுருள்ள ஆளுக்குப் பதிலா மண்ணுல பொம்மை செஞ்சு வச்சாங்க.' காட்டுமிராண்டித்தனத்திலிருந்து மனிதநேயத்துக்கு ஒரு நேர்கோடு. கேட்க இதமான கதையாடல். 'முற்போக்கு' மனங்களுக்கு இன்னும் இதம். வரலாறு தன்பாட்டுக்கு நல்ல பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம்.

இந்தக் கதையை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சீனத்தின் பழைய சிந்தனையாளர்களே இதை இப்படிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லறையில் வைக்கும் மனித உருவத்துக்குச் சீனத்தில் 'யொங்' என்று பெயர். முதன்முதலில் 'யொங்' செய்தவன் எவனோ அவன் சந்ததியற்றுப் போகட்டும் என்ற பொருளில் கன்பூசியஸ் சபித்ததாக மென்சியஸின் நூல் பதிவு செய்கிறது. முன்னோருக்குப் படையல் வைப்பதே பிள்ளையின் முதற்கடன் என்றிருந்த சமூகத்தில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. செத்த பிறகு ஒரு பிடி சோறு படைக்கவும் நாதியிருக்காது என்று அர்த்தம்.

கொலையை நிறுத்தி அதனிடத்தில் மண்ணை வைத்தவன் என்றால் அவனை வாழ்த்தியிருக்க வேண்டாமா? எதற்காகச் சாபம்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொம்மைகளைத் திரும்பப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

2

முதலில் 'பதிலாக' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யாருக்குப் பதிலாக?

ஷாங் அரசின் கடைசித் தலைநகரம் இருந்த இடம் அன்யாங். அங்கே 1928 முதல் நடந்த அகழாய்வுகளில் அரச கல்லறைகளும் அவற்றைச் சுற்றிப் பலிக்குழிகளும் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. 1976-இல் வூ டிங் அரசனின் மனைவியும் படைத்தலைவியுமான ஃபூ ஹாவின் கல்லறை (சுமார் கி.மு.1200) கொள்ளை போகாமல் முழுதாகக் கிடைத்தது. வெண்கலமும் பச்சைக்கல்லும் நூற்றுக்கணக்கில். கூடவே 16 மனிதர்கள், 6 நாய்கள்.

இங்கே கொல்லப்பட்டவர்கள் ஒரே வகையினர் அல்லர். சீனத் தொல்லியலாளர்கள் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று, 'உடன் போகிறவர்கள்': பணிப்பெண், காவலாள், தேரோட்டி, மனைவி. இவர்களில் பலருக்குச் சவப்பெட்டி உண்டு, சில பொருட்களும் உண்டு. மற்றொன்று, 'பலிப் பொருட்கள்': போரில் பிடிபட்ட வேற்றினத்தார், தலை வேறு உடல் வேறாகக் குழிகளில் கொட்டப்பட்டவர்கள். ஷாங் அரசர்களின் குறி கேட்கும் எலும்பு எழுத்துகளில் சியாங் என்ற இனத்தாரை எத்தனை பேர் வெட்டலாம் என்று முன்னோரிடம் கேட்கும் கேள்விகள், ஆடுமாடுகளை எண்ணுவது போன்ற அதே தொனியில் வருகின்றன.

பிற்காலப் பொம்மைகள் யாருக்குப் 'பதிலாக' வந்தன என்று பார்த்தால் முதல் வகையினருக்குத்தான். பணியாளுக்கு, காவலாளுக்கு, ஆட்டக்காரிக்கு, சமையல்காரனுக்கு. வேற்றினக் கைதியின் இடத்தில் பொம்மை வரவில்லை. எசமானுக்குத் தேவைப்பட்டவரின் பிம்பம்தான் கல்லறைக்குள் போனது. ஆக 'மனிதனுக்குப் பதில் பொம்மை' என்பதே தப்பான வாக்கியம். 'வேலைக்காரனுக்குப் பதில் பொம்மை' என்பதே சரி.

அடுத்தது அந்த நேர்கோடு. சின் நாட்டின் கோமகன் மூ கி.மு.621-இல் இறந்தபோது 177 பேர் உடன் புதைக்கப்பட்டதாக சீமா சியன் எழுதுகிறார். அவர்களில் மூவர் நல்லவர்கள் என்று பெயரெடுத்த சகோதரர்கள். அவர்களுக்காகப் பாடப்பட்ட ஒப்பாரி சீனத்தின் பழைய பாடல் தொகுப்பில் இருக்கிறது. மூவருக்கு ஒப்பாரி, மீதி 174 பேருக்கு எண்ணிக்கை மட்டும்தான். அதே சின் நாட்டின் கோமகன் ஜிங் (இறப்பு கி.மு.537) கல்லறையைத் தோண்டியபோது 186 பேர் உடன் கிடந்தார்கள். இவ்வழக்கத்தைச் சின் நாடு தடைசெய்தது கி.மு.384-இல். தெற்கே செங் என்ற சிறு நாட்டின் கோமகன் யியின் கல்லறை (சுமார் கி.மு.433) 1978-இல் அகழப்பட்டது. உலகமே வியக்கும் வெண்கல மணிகளின் இசைக்கருவி அங்குதான் கிடைத்தது. அந்த மணிகளைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதே கல்லறையில் கிடந்த 21 இளம்பெண்களை நினைக்கிறார்களோ தெரியாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான சாட்சி ஷாண்டாங் பகுதியில், பழைய சீ நாட்டின் தலைநகரம் இருந்த லின்சியில் இருக்கிறது. லாங்ஜியாஜுவாங் என்ற இடத்துக் கல்லறை. ஏறக்குறைய கன்பூசியஸ் வாழ்ந்த காலம். நடுவே எசமானின் அறை. அதைச் சுற்றி 17 குழிகளில் 17 பெண்கள், அவரவர் சவப்பெட்டியில், அவரவர் நகையோடு. அந்தப் பெண்களில் சிலருக்குத் துணையாகச் சின்னச் சின்ன மண் பொம்மைகள் வைக்கப்பட்டிருந்தன!

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரே கல்லறை, ஒரே நாள், ஒரே சடங்கு. மேலே இருப்பவனுக்கு உடன் போக உயிருள்ள பெண்கள். அப்படிக் கொல்லப்பட்ட பெண்களுக்கு உடன் போக மண் பொம்மைகள். மண் இங்கே கருணையின் அடையாளமா? இல்லை, தகுதியின் அடையாளம். முழு மனிதரைக் கொண்டுபோகும் தகுதி இல்லாதவர்களுக்கு மண். கொலையும் பொம்மையும் முன்பின்னாக வந்த இரண்டு யுகங்கள் அல்ல. ஒரே ஏணியின் இரண்டு படிகள்.

நேர்கோட்டின் மறுமுனையும் இப்படித்தான் இடறுகிறது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் தாண்டி மிங் வம்சத்துக்கு வந்தால், முதல் மிங் பேரரசர் 1398-இல் இறந்தபோது அந்தப்புரப் பெண்கள் உடன் சாகடிக்கப்பட்டார்கள். 1464-இல்தான் ஒரு பேரரசர் தன் மரண சாசனத்தில் இதை நிறுத்தச் சொன்னார். அதே காலத்தில் மிங் இளவரசர்களின் கல்லறைகளில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் ஊர்வலமாக நின்றுகொண்டிருந்தன. பொம்மை இருந்ததால் கொலை நிற்கவில்லை.

3

இப்போது சாபத்துக்கு வருவோம். 'கன்பூசியசுக்குப் பழைய வரலாறு தெரியாது, அதனால்தான் பொம்மையைச் சபித்தார்' என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. கன்பூசியஸ் பிறந்தது கி.மு.551-இல். சின் கோமகன் ஜிங்குடன் அந்த 186 பேர் புதைக்கப்பட்டபோது அவர் பதின்வயதுப் பையன். அவர் காலத்தில் இது பழைய வரலாறே அல்ல, நடப்பு.

'லி ஜி' என்கிற சடங்கு நூல் இன்னொரு வெளிச்சம் தருகிறது. கல்லறைப் பொருட்களுக்கு அங்கே 'மிங்ச்சி' என்று பெயர். ஒளிப் பாத்திரம், ஆவிப் பாத்திரம் என்று இரண்டு மாதிரியும் சொல்லலாம். அதில் கன்பூசியசின் வாதம் இப்படிப் போகிறது: செத்தவரை வெறும் பிணமாக நடத்துவது அன்பு ஆகாது, உயிரோடு இருப்பவராகவே பாவிப்பது அறிவு ஆகாது. ஆகவே கல்லறைக்கு வைக்கும் பொருள் பாதியில் நிற்க வேண்டும். யாழுக்கு நரம்பு இருக்கலாம், சுருதி கூட்டக் கூடாது. மூங்கில் பாத்திரம் இருக்கலாம், புழங்கும்படி இருக்கக் கூடாது. மணி இருக்கலாம், அதைத் தொங்கவிடும் சட்டம் இருக்கக் கூடாது. பொருளுக்கும் பயனுக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி அது. துக்கம் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது: நீ இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கொடுக்கிறேன்.

இதே தர்க்கத்தில் வைக்கோலால் கட்டிய ஆள் உருவத்தை அந்நூல் ஏற்கிறது. வைக்கோல் ஆளைப் பார்த்து யாரும் மனிதன் என்று ஏமாற மாட்டார்கள். 'யொங்'கைத்தான் மறுக்கிறது. கண், மூக்கு, நிற்கிற தோரணை எல்லாம் மனிதனைப் போலவே இருக்கும் பொம்மை அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. உயிருள்ள ஆளைப் புதைப்பதற்கு அது ஒரு படி முன்னால் நிற்கிறது என்பதே அங்குள்ள அச்சம். நம் மொழியில் சொன்னால், பிம்பம் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும் பிம்பத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. மனிதனைப் 'பயன்படுத்தும்' பழக்கத்தைக் கண்ணுக்கு இயல்பாக்கும் பிம்பத்தோடுதான் சண்டை. பொம்மையை வரிசையில் நிறுத்தப் பழகிய கை, ஆளை வரிசையில் நிறுத்தவும் கூசாது.

கன்பூசியசைப் புரட்சிக்காரராக்குவது நம் நோக்கமல்ல. மேல் கீழ் என்ற வரிசையைக் காப்பாற்ற வந்தவர்தான் அவர். ஆனால் அந்த வரிசைக்குள்ளிருந்தே ஒரு முனகல் கேட்கிறது என்பதுதான் விசயம். அதை அரசியலாக்குகிறவர் மென்சியஸ். லியாங் நாட்டு அரசன் ஹுய்யிடம் அவர் பேசும் இடத்தில்தான் இந்தச் சாபமே மேற்கோளாக வருகிறது. உன் சமையலறையில் கொழுத்த மாமிசம், லாயத்தில் கொழுத்த குதிரை; வெளியே ஜனங்கள் பசியில் செத்துக் கிடக்கிறார்கள்; இது மிருகங்களை மனிதர் மேல் ஏவித் தின்னவிடுவதற்குச் சமம் என்று அரசன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். மனித உருவத்தைச் செய்து பயன்படுத்தியவனுக்கே அந்தச் சாபம் என்றால், உயிருள்ள மனிதரைப் பட்டினி போட்டுக் கொல்கிற உனக்கு என்ன என்பது அவர் கேள்வி.

ஆக மென்சியஸின் வாயில் அந்தச் சாபம் கைவினைஞன்மேல் விழவில்லை, அரசன்மேல் விழுகிறது. பொம்மை பற்றிய பேச்சு பட்டினி பற்றிய பேச்சாகிவிடுகிறது. இன்றைய சீனத்தில் அந்தச் சொற்றொடர் ஒரு கெட்ட காரியத்தைத் தொடங்கி வைத்தவனைக் குறிக்கும் மரபுத்தொடராக மட்டும் புழங்குகிறது. சொல் மிஞ்சியிருக்கிறது, பட்டினி உதிர்ந்துவிட்டது. மரபுத்தொடர்கள் இந்த வேலையைச் செய்வதில் கெட்டிக்காரத்தனமானவை.

4

1974 மார்ச்சில் ஷான்சி மாநிலத்து லின்டோங் பக்கம் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட மண் வீரர்களைப் பற்றித் தெரியாதவர் இல்லை. சீனத்தை ஒரே அரசாக்கிய சின் ஷிஹுவாங் (இறப்பு கி.மு.210) கல்லறையைச் சேர்ந்த படை. எட்டாயிரம் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆளுயரம், கையில் நிஜ வெண்கல ஆயுதம், ஒருகாலத்தில் உடம்பெல்லாம் வண்ணம்.

'ஒவ்வொரு முகமும் வேற வேற, பாத்தீங்களா?' என்று வழிகாட்டிகள் பரவசப்படுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு எப்படிச் செய்யப்பட்டது? தலைக்குச் சில வகை அச்சுகள். கால், உடல், கை தனித்தனி உறுப்புகள். காது, மீசை, கொண்டை ஆகியவற்றைக் கையால் ஒட்டி, இழைத்து, மாற்றி மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில உறுப்புகளைக் கலைத்துப் போட்டால் ஆயிரம் முகம். வேறுபட்ட முகம் வேறு, ஆள் என்பது வேறு. வில்லாளி, ஈட்டிக்காரன், தேரோட்டி, அதிகாரி – பதவி மட்டும் உடையிலும் தலைப்பாகையிலும் துல்லியமாக வித்தியாசப்படுகிறது. அரசின் கண்ணுக்கு மனிதன் என்பவன் ஒரு பதவியும் கொஞ்சம் மீசையும்.

பெயர் இல்லையா என்றால், இருக்கிறது. வீரனின் பெயர் அல்ல, செய்தவனின் பெயர். பொம்மைகளின் மறைவான இடங்களில் 80-க்கும் மேற்பட்ட கைவினைஞர்களின் பெயர்கள் குத்தப்பட்டோ கீறப்பட்டோ இருக்கின்றன. இதைக் 'கலைஞனின் கையொப்பம்' என்று புளகாங்கிதம் அடைவது அறியாமை. செய்த பொருளில் செய்தவன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது சின் அரசின் விதி. பொருள் சரியில்லை என்றால் ஆளைப் பிடிக்க வசதி. அது கண்காணிப்பின் முத்திரை.

கல்லறைப் பணிக்கு எழுபது லட்சமல்ல, ஏழு லட்சம் பேர் என்று சீமா சியன் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெருங்கூட்டம் என்பது போதும். அதே ஆசிரியர் இன்னும் இரண்டு செய்திகள் தருகிறார். பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை உடன் சாகும்படி இரண்டாம் பேரரசன் ஆணையிட்டான். ரகசியம் வெளியே போகாதிருக்க, உள்ளே வேலை செய்தவர்களை வைத்தே கதவுகள் மூடப்பட்டன. சின் நாடு உடன்சாவைத் தடைசெய்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த காலம் இது! எட்டாயிரம் 'பதிலாள்'கள் மண்ணில் தயாராக நின்றும், நிஜ ஆட்கள் தப்பவில்லை.

கல்லறைக்கு மேற்கே ஜாவ்பெய்ஹூ என்ற ஊரில் 1979 வாக்கில் தொழிலாளர்களின் இடுகாடு ஒன்று அகப்பட்டது. எலும்புகளோடு சில ஓட்டுத் துண்டுகள். அவற்றில் செத்தவரின் பெயர், ஊர், சிலருக்கு அவர் கடனையோ அபராதத்தையோ உழைத்துக் கழிக்க வந்தவர் என்ற குறிப்பு. இந்தக் கழிப்புக்கு விலை என்ன என்பதும் தெரியும். 1975-இல் ஹூபேய் மாநிலத்து ஷுய்ஹுடியில் ஒரு சிறு அதிகாரியின் கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளில் சின் சட்டங்கள் இருந்தன. அவற்றின்படி ஒரு நாள் உழைப்பு 8 காசு. அரசு சோறு போட்டால் 6 காசு.

மார்க்ஸ் 'இறந்த உழைப்பு' என்று ஒரு கருத்தாக்கம் வைத்திருந்தார். பொருளாக உறைந்துபோன பழைய உழைப்பு, உயிருள்ள உழைப்பை உறிஞ்சுவது பற்றியது. அவர் பேசியது மூலதனத்தைப் பற்றி. சின் அரசு முதலாளியம் அல்ல என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் இங்கே அந்தச் சொல் உருவகமாகக்கூட இல்லாமல் நேர்ப்பொருளில் நிற்கிறது. மண் வீரன் சாகாமல் நிற்க, அவனைச் செய்த தலைமுறை ஓட்டுத் துண்டோடு குழிக்குள் போனது. பொம்மை மனித உயிருக்குப் பதிலாக வந்ததா, மனித உயிரைச் செலவாகக் கொண்டு வந்ததா?

5

ஹான் காலத்தில் அளவு சிறுத்துப்போனது. பேரரசர் ஜிங்கின் (இறப்பு கி.மு.141) யாங்லிங் கல்லறைக் குழிகளை 1990-இல் விமான நிலையச் சாலை வேலையின்போது கண்டுபிடித்தார்கள். ஆளுயரத்தில் மூன்றிலொரு பங்கு பொம்மைகள். பட்டுத் துணியும் மரக்கையும் மக்கிப்போனதால் அம்மணமாய், கையில்லாமல் நிற்கின்றன. ஆண், பெண், அண்ணகர் என்று பிரித்துச் செய்திருக்கிறார்கள். கூடவே ஆடு, மாடு, பன்றி, நாய். ஜிங் மென்மையான அரசர், வரியைக் குறைத்தவர், தண்டனைகளைத் தளர்த்தியவர் என்று வரலாறு புகழும். அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே 1972-இல் கைதித் தொழிலாளர்களின் இடுகாடு கண்டெடுக்கப்பட்டது. எலும்புகளில் கழுத்து வளையமும் கால் விலங்கும், இரும்பில்.

டாங் காலத்தில் (618–907) பொம்மைக்கு அரசாங்கமே அளவு வைத்தது. மூன்றாம் தரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிக்கு 90 உருப்படி, ஒன்பதாம் தரம்வரை 40. 741-இல் இதைக் குறைத்து 70 என்றும் 20 என்றும் ஆக்கினார்கள். சாதாரண ஜனங்களுக்கு 15. மூவண்ண மெருகு பூசிய ஒட்டகமும், மூக்கு நீண்ட நடு ஆசியக் குதிரைக்காரனும் 'பட்டுப்பாதையின் பன்மைப் பண்பாடு' என்று இன்று கொண்டாடப்படுகின்றன. அந்தக் குதிரைக்காரன் கல்லறைக்குள் எதற்காக நிற்கிறான்? கடிவாளம் பிடிக்க. அயலான் உள்ளே அனுமதிக்கப்படும் இடம் அதுதான்.

அப்படியானால் இந்தப் பொம்மைகளில் ஆதிக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லையா? அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு நேர்கோடு ஆகிவிடும். 1957-இல் செங்டு அருகே தியான்ஹுய் மலையில் கிடைத்த பின்ஹான் காலத்துக் கதைசொல்லி ஒருவன் இருக்கிறான். கக்கத்தில் சின்ன முரசு, கையில் குச்சி, ஒரு காலைத் தூக்கி நீட்டி, தொப்பை குலுங்க, முகமெல்லாம் சுருங்கச் சிரிக்கிறான். அவனும் யாரோ ஒரு பண்ணையாரைச் சிரிக்க வைக்க அடைக்கப்பட்டவன்தான். ஆனால் அவன் சிரிப்பில் எசமானுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏதோ இருக்கிறது. அதே சிச்சுவான் மண்ணில் கிணறு, அடுப்பு, பன்றிக்கொட்டில், நெல்வயல் என்று வாழ்க்கை முழுவதையும் மண்ணில் பிடித்தவர்களின் விரல், ஏவிய வேலையைத் தாண்டித் தான் பார்த்த ஊரையும் உள்ளே வைத்துவிட்டது. அதிகாரம் உழைப்பை வாங்கும்போது அந்த உழைப்பின் ஞாபகத்தையும் சேர்த்தே வாங்கவேண்டியிருக்கிறது. அந்த ஞாபகம் எங்கே எப்போது கசியும் என்பது அதன் கட்டுப்பாட்டில் இல்லை. எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு என்றால் இவ்வளவுதான்.

6

தொகுத்துச் சொல்வோம். கல்லறைப் பொம்மையின் அர்த்தம் 'கொலை நின்றது' என்பதில் இல்லை. ஒருவனுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்க முடியும் என்றால், அதற்கு முன்பே அவன் ஒரு வேலையாகச் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். தேர் ஓட்டுவது, விசிறுவது, காவல் நிற்பது: இதைத் தாண்டி அவனிடம் எதுவும் இல்லை என்று தீர்மானமான பிறகுதான் மண் போதும் என்று தோன்றும். அந்தத் தீர்மானம் உயிரோடு புதைத்த காலத்திலும் இருந்தது, பொம்மை வைத்த காலத்திலும் இருந்தது. மாறியது பொருள், மாறாதது உறவு. எசமான் இறந்த பிறகும் வேலைக்காரன் வேலைக்காரனாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையை மண் நிரந்தரமாக்கியது. உயிருள்ள உடல் மக்கிப்போகும். சுட்ட மண் மக்காது.

கொலை நிற்பது சின்ன விசயமா என்று ஒருவர் கேட்கலாம். நிச்சயமாகச் சின்ன விசயமல்ல. 17 பெண்களுக்குப் பதில் 17 பொம்மை என்றால் 17 உயிர் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்கான பாராட்டு யாருக்குப் போகிறது என்பதில்தான் தகராறு. சாகடித்தவனே கருணையாளனாகவும் வரலாற்றில் பதிவாகிவிடுகிறான். சாகாமல் தப்பியவர் 8 காசுக்குச் செங்கல் சுமந்து செத்த கதை அடுத்த குழியில் கிடக்கிறது, அதற்குக் கண்ணாடிப் பெட்டி இல்லை.

மனிதரைச் சித்திரிக்கிற எல்லாருக்கும் – எழுதுகிறவர், வரைகிறவர், மக்களின் பெயரால் மேடையில் பேசுகிறவர் – அந்தப் பழைய சாபம் ஒரு கேள்வியாக மிஞ்சுகிறது. நீ செய்கிற உருவம் வைக்கோல் ஆளா, 'யொங்'கா? தான் பிம்பம்தான் என்று ஒப்புக்கொண்டு ஆளுக்கு இடம் விட்டு நிற்கிறதா, அல்லது ஆள் இனித் தேவையில்லை என்று அவர் இடத்தில் ஏறி நிற்கிறதா? லியாங் அரசனிடம் மென்சியஸ் பொம்மையை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பொம்மையைச் சாக்காக வைத்துப் பட்டினியைப் பேசினார். மண் வீரர்களின் கண்காட்சியில் நாமும் கேட்கவேண்டியது அந்த ஓட்டுத் துண்டுகள் எங்கே என்பதைத்தான்.